ஆட்டம் கண்ட முன்சக்கரம்: பழைய புல்லட்டும் பட்டறை அறிவும்

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தின் தொழில் வரலாற்றில் பீங்கான் சூளைகளுக்கும், விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என நாற்புறமும் தடம் பிரியும் ரயில் சந்திப்புக்கும் உரிய இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே ஊரிலும் அதையொத்த பிற தமிழக ஊர்களிலும் தெருவோரக் கொட்டகைகளில் இயங்கிவரும் இருசக்கர வாகனப் பட்டறைகள், கைப்பழக்கமாக மட்டுமே தலைமுறை கடந்துவந்த ஓர் அறிவைக் காத்து வைத்திருந்தும் ஏட்டில் ஏறவில்லை. அந்த அறிவின் நுட்பமான பகுதிகளுள் ஒன்று, பழைய மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் ஓட்டத்தில் இடவலமாக நடுங்கும்போது, பட்டறை வழக்கில் ஹேண்டில் ஆட்டம் என்றோ வாப்ளிங் என்றோ சொல்லப்படும் அந்தக் கோளாறின் மூலத்தைக் கண்டறிவதாகும்.

இவ்வறிவு தமிழ்நாட்டில் வேரூன்றியதற்கு, ஒரே வண்டி நெடுங்காலம் பெரிதாக மாறாமல் இருந்ததே முதற்காரணம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான 350 சி.சி. புல்லட்டை இந்திய இராணுவம் 1950களின் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலை முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டியும், பிறகு பாகங்களை இங்கேயே செய்தும் வண்டியை வெளியிட்டது. 1970இல் தாய் நிறுவனத்தின் கதை முடிந்துபோன பின்னரும், 1994இல் ஐஷர் குழுமம் பொறுப்பேற்ற பின்னரும், புல்லட்டின் 19 அங்குலக் கம்பிச் சக்கரமும், எண்ணெய் நிரம்பிய குழாய் ஃபோர்க்கும் அடிப்படையில் அப்படியே தொடர்ந்ததால், 1960களில் தொழில் கற்ற மெக்கானிக்கின் கை அறிந்தது, அவரிடம் கடைப் பையனாகச் சேர்ந்தவரின் முதுமை வரை செல்லுபடியானது. வடிவமைப்பு தேங்கிக் கிடந்தது என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. பழுது பார்க்கும் கலைக்கோ அந்தத் தேக்கமே உரமாயிற்று.

ஆட்டத்தின் அறிவியல் பட்டறைக்கு வெளியே, வேறு பாதையில் வளர்ந்தது. ஓடும் சைக்கிளின் நிலைப்பாட்டுக்கான சமன்பாடுகளை ஃபிரான்சிஸ் விப்பிள் 1899இல் வெளியிட்டார். 1971இல் ராபின் ஷார்ப், டயரின் பக்கவாட்டு நழுவலையும் கணக்கில் சேர்த்து, மோட்டார் சைக்கிளின் இருவகை அதிர்வுகளைப் பிரித்துக் காட்டினார். வண்டி முழுவதும் பாம்புபோல் மெதுவாக நெளிவது வீவ். ஹேண்டிலும் முன்சக்கரமும் மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 10 முறை படபடப்பது வாப்ளிங். இந்தப் பாகுபாட்டைப் படித்திராத பட்டறைக்காரரும் வண்டியைக் கொண்டுவந்தவரிடம் முதலில் கேட்பது, முழு வண்டியும் அலைகிறதா, கைப்பிடி மட்டும் உதறுகிறதா, வேகம் ஏறும்போதா, ஆக்சிலேட்டரை விட்டு வேகம் இறங்கும்போதா என்பதுதான்.

அடுத்து வரும் சோதனைகளின் வரிசை, பொறியியலைக் காட்டிலும் செலவை ஒட்டி அமைந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் உதிரிபாகத் தட்டுப்பாடும் நிலவிய காலத்தில், காசில்லாமல் பார்க்கக் கூடியவற்றை முதலில் பார்த்து, பிரித்தால்தான் தெரியும் என்பவற்றைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது இயல்பாயிற்று. எனவே காற்றழுத்தமும் டயரின் தேய்மானமும் முதலில் வரும். பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை அந்தரத்தில் சுழலவிட்டு, விளிம்பருகே ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை அசையாமல் பிடித்தால், ரிம் எந்த இடத்தில் முனையை நெருங்கி எந்த இடத்தில் விலகுகிறது என்பதிலிருந்து கோட்டம் தெரியும். போக்ஸ் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால், இறுக்கமானது கணீரென்றும் தளர்ந்தது மழுங்கலாகவும் ஒலிக்கும். சுழலும் திகிரியில் களிமண் உருண்டையை நடுவுக்குக் கொண்டுவரும் குயவரைப் போலவே, கோட்டம் எடுப்பவரும் ஒரு பக்கம் இறுக்கி எதிர்ப்பக்கம் தளர்த்திச் சிறுகச் சிறுகத்தான் மையம் காண முடியும்.

சக்கரத்தில் குறையில்லை என்றால் சந்தேகம் கோன் செட்டின்மேல் விழும். சட்டத்தின் கழுத்துப் பகுதியில் ஃபோர்க்கின் தண்டு திரும்புவதற்காக மேலும் கீழும் அமைந்த கிண்ணங்களும் அவற்றில் உருளும் பால்ரஸ் குண்டுகளும் சேர்ந்தது கோன் செட். இரு ஃபோர்க் கால்களின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது கழுத்தில் டக்கென்று ஒரு தட்டல் உணரப்பட்டால் அது தளர்ந்திருக்கிறது; ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர்நிலையில் மட்டும் சிக்கினாற்போல் நின்று நகர்ந்தால், கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், ரயில்வே கேட்டின் தண்டவாளமும் சாலைப் பள்ளமும் கொடுக்கும் அடி முழுவதும் குண்டுகள் வழியாக அந்த ஒரே இடத்தில் இறங்குகிறது. உலோகத்தின் கடினத்தன்மையைக் குண்டால் அழுத்திப் பள்ளத்தை அளந்து கணித்த சுவீடன் பொறியாளர் பிரினெல்லின் பெயராலேயே பொறியியல் இக்குழிகளை அழைக்கிறது. குழி விழுந்ததை இறுக்கிச் சரிசெய்ய இயலாது. இறுக்கினால் படபடப்பு அடங்கினாற்போலிருந்து, மெதுவான ஓட்டத்தில் வண்டி நெளியத் தொடங்கும். எனினும் பல பட்டறைகள் இறுக்கியே அனுப்பின. ஹெட்லைட்டையும் மீட்டரையும் ஒரே கூட்டில் அடக்கி, ஃபோர்க் குழாய்களின் தலையையும் பற்றிக்கொண்டிருக்கும் காஸ்கெட் என்ற வார்ப்பு முகப்பைக் கழற்றாமல் புல்லட்டின் கிண்ணத்தை மாற்ற முடியாது என்பதும், அதற்கு வயர்களையும் கேபிள்களையும் பிரிப்பதிலேயே பெரும்பொழுது கழிந்துவிடும் என்பதும் அந்தச் சமரசத்தை விளக்கும்.

ஃபோர்க் காலில் எண்ணெய் சமமின்மை, புஷ் தேய்வு, விபத்தில் குழாய் வளைதல் ஆகியவை இதற்குப் பின்னரே பார்க்கப்படும். கைதேர்ந்தவர்கள் இங்கே பின்பக்கத்துக்கும் சென்றார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்ம் புஷ்ஷின் தேய்வும், சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லாமையும் ஹேண்டிலில்தான் முதலில் வெளிப்படும். பின்டயரின் இரு பக்கமும் நூலை இழுத்து முன்சக்கரம் வரை பிடித்துப் பார்க்கும் சோதனைக்குக் கொத்தனாரின் கருவியே போதுமானதாக இருந்தது. பீங்கான் பெட்டி போன்ற கனத்த சரக்கைப் பின் கேரியரில் கட்டினால், எடை பின் அச்சுக்கு அப்பால் சென்று முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும் என்பதால், குறையற்ற வண்டியும் உதறக்கூடும். பாகம் எதையும் தொடாமல், சரக்கை முன்தள்ளிக் கட்டச் சொல்லி அனுப்புவதும் ஒரு மருத்துவமே.

இன்று பழைய புல்லட் வைத்திருப்போரில் பலர், தனிக் குண்டுகளுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உருளைகளைக் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்கைப் பொருத்துகின்றனர். அடி பரந்த பரப்பில் இறங்குவதால் அதில் குழி எளிதில் விழாது. ஆனால் பழைய கோன் செட்டுக்குப் பழகிய கை அதே அழுத்தத்தில் இறுக்கிவிட்டால், உதறல் தீர்க்க வந்த வண்டி நெளிந்துகொண்டு திரும்பி வரும்.