ஆற்றுப்படுத்துதல்

ஆற்றுப்படுத்துதல்: மனநல ஆலோசனை வழங்குதல். ஆறு – வழி. படுத்துதல் – செலுத்துதல். ஆக, வழியில் செலுத்துதல் என்பதே வேர்ப்பொருள். துயரைத் தணிக்கும் 'ஆற்றுதல்' வேறு சொல். இன்றைய வழக்கில் அந்தப் பொருளும் இதில் கலந்து ஒலிக்கிறது.

இதே வேரில் வந்த ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை, கூத்தர், பாணர், பொருநர், விறலியர்க்கு உரியது என்கிறது தொல்காப்பியம். பரிசில் பெற்றுத் திரும்புபவர், எதிரே வரும் வறியவருக்கு வழி சொல்வார். அதே பசியை அறிந்தவர் என்பதால்தான் அவர் சொல் எடுபட்டது.

இன்றைய ஆற்றுப்படுத்துதலுக்கும் அந்த அறிதல் வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் கூலியாக ஒரு தலித் திருநங்கை இருக்கிறார், அவருக்குத் தூக்கமில்லை என்று வைத்துக்கொள்வோம். சாதி, பாலினம், கூலி, வாடகைக்கு வீடு கிடைக்காமை எல்லாம் அதில் பின்னிக் கிடக்கும். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதித் துயரம் கேட்கப்படாமலே போகும்.

2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின இணையர் வழக்கில் தீர்ப்புக்கு முன் தாமே உளவியலாளரிடம் சென்று கற்றார். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். ஆற்றுப்படுத்துநராக அமரும் ஒவ்வொருவரும் அப்படிக் கற்க முன்வர வேண்டும்.