கட்டங்களை எண்ணிய அறிஞர்கள்

பலகையொன்றிலே கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கருமை அல்லது வெண்மை தீட்டுவதாகக் கொள்வோம். பக்கத்துக்கு மூன்று கட்டங்களாயின் 512 வகையாகத் தீட்டலாம். பத்தாயின் அவ்வெண் 31 இலக்கங்களாக வளர்ந்துவிடும். அடுத்தடுத்த கட்டங்கள் நிறத்தால் ஒவ்வாத இடங்கள் இத்தனையே இருத்தல் வேண்டும் என்று விதித்தால், அவ்விதிக்கமையும் பலகைகள் எத்தனை? விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வினா, இரும்பு காந்தமாவது எவ்வாறு என்னும் ஆராய்ச்சியிலே எழுந்தது.

1920 இல் ஜேர்மனியப் பேராசிரியர் வில்ஹெல்ம் லென்ஸ் இதற்கு வித்திட்டார். காந்தப் பொருளிலுள்ள நுண்காந்தம் ஒவ்வொன்றும் இரு திசைகளுள் ஒன்றையே நோக்கும் என்பது அவர் கருத்து. அயலிலுள்ளவை ஒத்திருக்க முயலும். வெப்பமோ அவ்வொற்றுமையைக் குலைக்கும். இதனை ஆராயும் பணி ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவராயிருந்த ஏர்ன்ஸ்ட் ஈசிங்கைச் சேர்ந்தது.

ஈசிங் ஒற்றை வரிசைக்குரிய கணக்கைத் தீர்த்து 1925 இல் வெளியிட்டார். நான்கு கட்ட வரிசையிலே ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறும் அமைப்புக்கள் ஆறு. வரிசை எத்துணை நீண்டாலும், ஒரேயொரு முறிவு அதனை இரு கட்சியாக்கிவிடும். ஆகவே சிறிதளவு வெப்பமிருப்பினும் வரிசை தானாகக் காந்தமாகாது. இது சரியான முடிபே. ஆயின் முப்பரிமாணப் பொருளுக்கும் இதுவே பொருந்தும் என அவர் கருதியது தவறாயிற்று.

1936 இல் றூடோல்ப் பையர்ள்ஸ் பலகையின் வேறுபாட்டை விளக்கினார். வெண்மையின் நடுவே கருங்கட்டக் கூட்டமொன்று தோன்றின், அதன் எல்லை முழுவதும் ஒவ்வாமை நேரும். கூட்டம் பெருக எல்லையும் நீளும். எனவே தாழ்ந்த வெப்பநிலையில் ஒற்றுமையே வெல்லும். 1944 இல் நோர்வேயிற் பிறந்த லார்ஸ் ஒன்சாகர், எல்லையின்றி விரியும் பலகைக்குரிய கணக்கை முற்றாகத் தீர்த்தார்.

அக்காலத்தில் ஈசிங்கின் நிலை யாது? யூதராகையால் நாசி ஆட்சியிலே 1933 இல் ஆசிரியப் பதவியை இழந்தார். பின்னர் பொட்ஸ்டாம் நகருக்கு அண்மையிலுள்ள கபுத் என்னும் ஊரின் யூதப் பாடசாலையிலே கற்பித்து, அதன் தலைமையாசிரியருமானார். 1938 இல் அப்பாடசாலை சூறையாடப்பட்டது. மறு ஆண்டு லக்சம்பேர்க் நாட்டுக்குத் தப்பிச் சென்று, ஆடு மேய்த்தும் இருப்புப்பாதையிலே வேலை செய்தும் உயிர் வாழ்ந்தார். 1947 இல் அமெரிக்காவை அடைந்து மீண்டும் ஆசிரியரானார். தம் பெயராலேயே அக்கணக்கு அறிஞரிடையே வழங்குவதை 1949 இலேதான் அறிந்தார்.

ஈசிங் 1998 இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கணக்கை முப்பரிமாணத்துக்கு முற்றாகத் தீர்த்தவர் இன்றுவரை எவருமிலர்.