பட்டடையின் தேய்மானம் யார் கணக்கில்?

கொல்லுப்பட்டறையில் எது உடைந்தாலும் பட்டடை உடையாது என்று நம்புகிறோம். அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்டது அது. தாங்குவது அதன் இயல்பு. பெண்ணுக்குப் பூமியை உவமை சொல்லும்போதும் நாம் இதையேதான் செய்கிறோம். தாங்குவது ஒன்றின் இயல்பு என்று சொல்லிவிட்டால், அடிப்பவர் யார், எவ்வளவு காலமாக அடிக்கிறார் என்ற கேள்விகள் எழுவதில்லை.

ஆனால் பட்டடை உடையும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும்பாலான பட்டடைகளின் உடல் தேனிரும்பால் ஆனது. அதன் மேல் கடினமான எஃகுத் தகட்டைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு சரியாகப் பிடிக்காத இடத்தில் அடி விழ விழத் தகடு பெயரும். சுத்தியல் குறி தவறி விளிம்பில் பட்டால், கடினமான எஃகு சில்லு சில்லாகத் தெறிக்கும். கருவிகளைச் செருகும் சதுரத் துளை இருக்கும் வால்பகுதி மெலிந்தது. அங்கே சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வாலே முறிந்துவிடும். குளிரில் எஃகு நொறுங்கும் தன்மை பெறுவதால், பனிக்கால விடியலில் பட்டடையைச் சற்றுச் சூடாக்கிவிட்டே வேலை தொடங்குவார்கள். இவை எல்லாவற்றையும்விட மெதுவாக நடப்பது ஒன்று உண்டு: பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அடித்தால் முகத்தின் நடுப்பகுதி குழிந்துபோகும். ஒரு நாளில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

இந்தத் தேய்மானத்துக்குக் கணக்கு உண்டா, அந்தக் கணக்கு யார் தலையில் விழுந்தது என்று கேட்டால், இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸில் உள்ள கிராட்லி ஹீத் என்ற ஊருக்குப் போக வேண்டும். சங்கிலிக்குப் பேர்போன ஊர் அது. கப்பல்களுக்கான கனத்த சங்கிலிகளை ஆண்கள் தொழிற்சாலைகளில் செய்தார்கள். வண்டிக்கும் உழவுக்கும் கால்நடைகளுக்கும் வேண்டிய சிறிய சங்கிலிகளைப் பெண்கள் செய்தார்கள். அவர்களுடைய பட்டறை வீட்டுப் புழக்கடையில் ஒரு கொட்டகை. அதற்குள் ஓர் உலை, ஒரு துருத்தி, ஒரு சிறிய பட்டடை. கம்பியைக் காய்ச்சி, வெட்டி, வளைத்து, முந்தைய கண்ணியில் கோத்து, இரு முனைகளையும் மீண்டும் காய்ச்சி அடித்து ஒன்றாக்க வேண்டும். கைக்குழந்தைகள் அதே கொட்டகையின் மூலையில் கிடந்தன. உலைக்கும் அடுப்புக்கும் இடையே நடந்த அந்த வேலை ‘வீட்டோடு செய்யும் வேலை’ என்று பெயர் பெற்றதாலேயே அதன் மதிப்பும் குறைந்தது.

கூலி முறையைப் பாருங்கள். இடைத்தரகர் இரும்புக் கம்பியை எடைபோட்டுக் கொடுப்பார். முடிந்த சங்கிலியை எடைபோட்டு வாங்குவார். எடைக்குத்தான் காசு. கொட்டகை வாடகை, உலைக்குக் கரி, கருவிகளின் பராமரிப்பு எல்லாம் அந்தப் பெண்ணின் செலவு. பட்டடையின் விளிம்பு சிதைந்தால் அந்தத் தழும்பு கண்ணியில் பதியும். ஒட்டு சரியாக விழாத கண்ணி சங்கிலியையே கெடுக்கும். ஆனால் கருவி தேய்ந்ததற்கு முதலாளியின் பேரேட்டில் ஒரு பென்னிகூட இல்லை. தோளும் முதுகும் தேய்ந்ததற்கும் அப்படியே. பலருக்கு ஒரு வாரம் முழுக்க உழைத்தும் ஐந்தாறு ஷில்லிங்தான் கிடைத்தது. வேலையைச் செய்பவரிடமே உற்பத்திக் கருவியின் செலவையும் தள்ளிவிடும் இந்த ஏற்பாடு, பீடி சுற்றும் பெண்களுக்கும் வீட்டில் தையல் எந்திரம் வைத்திருக்கும் பெண்களுக்கும் நன்கு தெரிந்ததுதான்.

பெண்கள் சுத்தியல் பிடிப்பதை அக்காலத்தில் பலர் கண்டித்தார்கள். 1880களில் அந்த வேலையைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்ற குரல் வலுத்தது. பெண்ணுடலுக்கு ஏற்ற வேலை அல்ல என்றார்கள். ஆண்களின் கூலியைக் குறைத்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அவர்களின் கூலியை உயர்த்தினால் இரண்டாவது குறை தானாகவே தீர்ந்துவிடும் என்பதைச் சொன்னவர்கள் குறைவு. பெண்ணைக் காப்பாற்றுவது என்றால் அவளை வேலையிலிருந்து வெளியேற்றுவது என்று பொருள் கொள்ளும் வழக்கத்துக்கு வயது அதிகம்.

1909இல் பிரிட்டனில் தொழில் வாரியச் சட்டம் வந்தது. மிகக் குறைந்த கூலி நிலவிய நான்கு தொழில்களை அது முதலில் எடுத்துக்கொண்டது. அவற்றில் சங்கிலித் தொழிலும் ஒன்று. 1910இல் வாரியம் பெண்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. 54 மணி நேர வாரத்துக்கு 11 ஷில்லிங் 3 பென்ஸ். பலருக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு. முதலாளிகள் சட்டத்தில் ஒரு சந்தைக் கண்டுபிடித்தார்கள். தொழிலாளி எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் பழைய கூலிக்கே வேலை வாங்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் இன்னதென்று அறியாமலே அந்தத் தாளில் குறியிட்டார்கள்.

அப்போதுதான் மேரி மெக்கார்தர் அங்கே போராட்டத்தை ஒருங்கிணைத்தார். 1906இல் பெண் தொழிலாளர் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கியவர் அவர். நூற்றுக்கணக்கான பெண்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். அவர்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். செய்தித்தாள்களும் அன்று புதிதாக வந்திருந்த சலனப்படமும் அவர்களை நாடெங்கும் கொண்டுபோயின. ஏறக்குறைய 4,000 பவுண்டு நிதி சேர்ந்தது. பத்து வாரங்களுக்குப் பிறகு, அக்டோபர் 22 அன்று கடைசி முதலாளியும் கையெழுத்திட்டார். மிச்சமிருந்த பணத்தில் 1912இல் தொழிலாளர் மன்றம் ஒன்றை எழுப்பினார்கள். அந்தக் கட்டடம் பின்னர் பெயர்த்து எடுக்கப்பட்டு, இன்று பிளாக் கன்ட்ரி வாழும் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்த வெற்றியை மிகைப்படுத்த வேண்டியதில்லை. கொட்டகை அப்படியே இருந்தது. வீட்டு வேலையும் அப்படியே இருந்தது. ஆனாலும் ‘இயல்பு’ என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு விலை உண்டு என்பதை அவர்கள் கணக்கில் எழுதவைத்தார்கள்.

பழைய பட்டடைகளைச் சேகரிப்போர் அவற்றின் பக்கவாட்டில் பொறித்த முத்திரையைத் தேடுகிறார்கள். அங்கே இருப்பது அதைச் செய்த பட்டறையின் பெயர். அதன்மேல் வேலை செய்தவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. முகத்தின் குழிவும் சிதைந்த விளிம்பும் மட்டுமே அவர் விட்டுச்சென்ற பதிவு. நம் ஊர்களிலும் கணவர் குறட்டால் இரும்பைப் பிடிக்க, எதிரே நின்று சம்மட்டி ஓங்கும் மனைவியைப் பார்க்கலாம். அருவாளுக்குக் காசு வாங்கும்போது கொல்லர் என்று அழைக்கப்படுவது ஒருவர்தான். வரலாறு எழுத வருகிறவர்கள் முத்திரையைப் படித்ததும் நிறுத்திவிடாமல் குழிவையும் தடவிப் பார்க்க வேண்டும். அந்தக் குழிவில் பாதி யாருடைய அடி என்று கேட்கவும் வேண்டும்.