எத்தனை வருஷம் தாங்கும்?

முழங்கால் மூட்டு மாற்று ஆப்பரேஷன் என்றதும் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை வருஷம் தாங்கும் டாக்டர்?" இதற்கு ஒரு நம்பகமான பதில் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற மருத்துவர், காசநோய் அரித்த முழங்காலில் யானைத் தந்தத்தால் செய்த கீலைப் பொருத்தினார். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தொற்று வென்றது. 1950களில் வந்த கீல்மூட்டுகளுக்குக் கதவு மாதிரி மடங்கி நீள மட்டுமே தெரியும். நிஜமான முழங்காலோ மடங்கும்போது உருளும், வழுக்கும், லேசாகத் திரும்பவும் செய்யும். அந்தத் திருகல் விசையெல்லாம் எலும்பில் இறங்கியதால் கீல் தளர்ந்து ஆடியது.

1968இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஃபிராங்க் கன்ஸ்டன் கீலையே கைவிட்டார். உலோகம் பாலிஎத்திலீன் மேல் உருண்டது. இரண்டையும் எலும்பு சிமெண்ட் பிடித்துக்கொண்டது. 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத், பொறியாளர் பீட்டர் வாக்கர் ஆகியோரின் மூட்டு வந்தது. இன்று பொருத்தப்படும் பெரும்பாலான மூட்டுகள் அதன் வாரிசுகள்தான்.

ஆனால் எது உழைக்கிறது என்று எப்படித் தெரியும்? மருத்துவர் தன்னிடம் திரும்பி வந்தவர்களை மட்டும் பார்த்துச் சொன்னால் போதாது. வேறு ஊருக்குப் போய் மறு ஆப்பரேஷன் செய்துகொண்டவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். 1975இல் ஸ்வீடன் நாடு முழுமைக்கும் ஒரு பதிவேடு திறந்தது. மூட்டு வைத்ததும் பதிவு, அதை மாற்றினாலும் பதிவு. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளை வைத்து 2019இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின் கணக்குப்படி, 100 முழு மூட்டுகளில் ஏறக்குறைய 82, மாற்ற வேண்டிய தேவையின்றி 25 வருஷம் தாங்குகின்றன.

அருமையான எண்தான். ஆனால் அது எண்ணியது மூட்டை, மனிதரை அல்ல. ராத்திரி வலியில் விழித்திருப்பவர், இன்னொரு ஆப்பரேஷனுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிட்டால், பதிவேட்டில் அவரும் வெற்றிதான். நேரடியாகக் கேட்டபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் திருப்தியில்லை என்றார்கள்.

அதனால்தான் நோயாளியிடமே கேட்கும் வழக்கம் வந்தது. இங்கிலாந்தில் 2009 முதல் ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் கேட்டுப் பதிகிறார்கள். கேள்விகள் எளியவை: மாடிப்படி இறங்க முடிகிறதா? மண்டியிட்டு எழ முடிகிறதா? தனியாகக் கடைக்குப் போய்வர முடிகிறதா?

டாக்டரிடம் வருஷக்கணக்கு கேட்கும்போது இதையும் சேர்த்தே கேட்கணும்.