ரேடார் சொன்னது, கேட்பார் இல்லை

1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை 7.02 மணி. ஹவாயின் ஓவாஹு தீவில், ஓபானா ரேடார் நிலையத்தில் இருந்த இரு அமெரிக்கப் படைவீரர்கள் திரையில் பெரியதோர் அடையாளத்தைக் கண்டனர். ஏறத்தாழ 210 கிலோமீட்டர் தொலைவில் விமானக் கூட்டம்! உடனே தொலைபேசியில் தெரிவித்தனர். கலிபோர்னியாவிலிருந்து வரவேண்டிய தம் விமானங்கள்தாம் அவை என்று எண்ணிய அதிகாரி, கவலை வேண்டாம் என்றார். 7.55க்கு பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன.

ஜப்பான் ஏன் தாக்கியது? சீனாவை அடுத்து இந்தோசீனாவிலும் அது கால்பதித்ததால், 1941இல் அமெரிக்கா அதற்கு எண்ணெய் தருவதை நிறுத்தியது. தென்கிழக்காசிய எண்ணெய் வயல்களைப் பிடிக்க முனைந்த ஜப்பான், குறுக்கே வரக்கூடிய அமெரிக்கக் கடற்படையை முதலில் முடக்க விரும்பியது.

அமெரிக்கத் தரப்பில் 2,400 பேருக்கு மேல் மாண்டனர். ஆனால் விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று துறைமுகத்தில் இல்லை. எண்ணெய்த் தொட்டிகளும் தப்பின. மறுநாளே அமெரிக்கா போரில் இறங்கியது.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ரேடியோ அலை நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும். விமானங்களைத் தொட்டு அது மீள, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட ஆகவில்லை. மனிதருக்கோ 53 நிமிடங்கள் இருந்தன. கருவி காட்டும், அதன் பொருளை உணர வேண்டியவர் நாம் அல்லவா?