மசகும் அளவும்: 1857 தோட்டாச் சிக்கலில் தொழில்நுட்ப அறிவின் இடம்

முன்னுரை

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிப் பேசும் தமிழ்ப் பாடநூல்களிலும் பொது நூல்களிலும் பசு, பன்றி ஆகியவற்றின் கொழுப்பு தடவிய தோட்டாக்கள் உடனடிக் காரணமாகச் சுட்டப்பெறுவது வழக்கம். தோட்டாவில் கொழுப்பு ஏன் தடவப்பட்டது என்னும் வினாவை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவ்வினா எழுப்பப்படாத நிலையில், ஒரு தரப்பினர் அதனைத் திட்டமிட்ட சமய இழிவாகக் கொள்கின்றனர். மற்றொரு தரப்பினர் சிப்பாய்களின் மூடநம்பிக்கையாகக் கொள்கின்றனர். ஈயக் குண்டின் அளவு, அதன் மீது பூசப்படும் மசகு ஆகிய இரு தொழில்நுட்பக் கூறுகளை முன்வைத்து இச்சிக்கலை மீள நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

குண்டும் குழலும்

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளில் குண்டின் அளவே முதற்சிக்கலாகும். குழலைவிடக் குண்டு மிகச் சிறியதாயின் குறி தவறும். நெருக்கமாயின் உள்ளே இறங்காது. கும்பெனிப் படைகள் நெடுங்காலம் கையாண்ட வழவழப்பான குழலுடைய துப்பாக்கியின் உள்விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம். அதற்குரிய குண்டின் விட்டம் 0.69 அங்குலம். இந்த இடைவெளியினால் கெட்டித்தல் எளிதாயிற்று, மசகும் தேவைப்படவில்லை. ஆனால் குறி துல்லியமாக அமையவில்லை.

புரிக்குழல் துப்பாக்கியில் நிலைமை வேறு. குழலின் உட்புறத்தே வெட்டப்பட்ட புரிகளைக் குண்டு பற்றிச் சுழன்றால்தான் பயன் உண்டு. ஆகவே குண்டு நெருக்கமாக அமைய வேண்டும். அத்துடன், கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மக் கசடாக எஞ்சுகிறது. சில முறை சுட்டவுடன் இக்கசடு குழலில் இறுகிப் படிந்து அடுத்த குண்டை உள்ளே விடாது. கசடை இளக்குவதற்கும் குண்டை வழுக்கி இறங்கச் செய்வதற்கும் மசகு இன்றியமையாததாயிற்று. குண்டின் அளவு நெருங்க நெருங்க மசகின் தேவை மிகும் என்பது இதனால் விளங்கும்.

வேட்டைக்குரிய புரிக்குழல் துப்பாக்கி செய்த கம்மியர், துப்பாக்கி ஒவ்வொன்றுடனும் அதற்கேற்ற வார்ப்பச்சு ஒன்றையும் செய்து கொடுப்பது மேலைநாடுகளில் வழக்கமாக இருந்தது. சுடுபவரே ஈயத்தை உருக்கி வார்ப்பார். துணித்துண்டில் தம் கைக்கு எட்டிய கொழுப்பையோ எண்ணெயையோ தோய்த்துக் குண்டைச் சுற்றிக்கொள்வார். மசகு எதனால் ஆனது என்னும் ஐயம் அவருக்கு எழ இடமில்லை. அதனைச் செய்தவர் அவரே.

என்ஃபீல்டு தோட்டா

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி இந்நிலையை மாற்றியது. அதன் உள்விட்டம் 0.577 அங்குலம், தொடக்கத்தில் அதற்குரிய குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. குண்டைச் சுற்றிய தாளும் இவ்விடைவெளியில் அடங்க வேண்டும். குண்டின் பக்கங்கள் வழவழப்பாக இருந்தமையால் மசகைத் தாங்குவதற்குரிய பள்ளங்கள் அதில் இல்லை. எனவே தோட்டாத் தாளின் மீதே மசகு பூசப்பட்டது.

தோட்டா என்பது மருந்தும் குண்டும் அடங்கிய தாட்சுருள். சிப்பாய் அதன் ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டுவார். பின்னர்ச் சுருளைத் தலைகீழாகத் திருப்பிக் குண்டிருக்கும் முனையைச் செருகி, எஞ்சிய தாளைக் கிழித்தெறிந்து, இரும்புக்கோலால் குத்தி இறக்குவார். கடிபடுவது மருந்து முனை. மசகு பூசப்பட்டது குண்டு முனை. எனினும் கட்டாக அடுக்கப்பட்ட தோட்டாக்களில், வெப்பநாட்டில், மசகு ஒரு முனையிலேயே நிற்கும் என எதிர்பார்த்தல் இயலாது. தீண்டுதலே விலக்காகக் கருதப்பட்ட சூழலில் முனை வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதும் அன்று.

முன்கூட்டிய எச்சரிக்கை

1853இல் மசகிட்ட தோட்டாக்கள் இந்தியத் தட்பவெப்பத்தைத் தாங்குமா என அறியும்பொருட்டு இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டன. அப்போது வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், மசகின் தன்மை சாதி உணர்வைப் புண்படுத்தாது என உறுதிசெய்யப்படும் வரை அவற்றை இந்தியப் படைப்பிரிவுகளுக்கு வழங்கலாகாது என அவ்வாண்டு டிசம்பரிலேயே எழுதினார். அவ்வெச்சரிக்கை பயன்படவில்லை. தோட்டாக்கள் சிப்பாய்களின் பைகளில் வைத்தே சோதிக்கப்பட்டன, எதிர்ப்பு எழவில்லை. மெழுகு உருகுகிறதா, தாள் கெடுகிறதா என ஆய்ந்த நிருவாகம், அக்கொழுப்பு எவ்விலங்கினுடையது என ஆராயவில்லை. பின்னர்க் கல்கத்தாவில் தோட்டா செய்யப்பட்டபோதும் ஒப்பந்தக்காரர் தந்த கொழுப்பு எத்தகையது என உறுதிசெய்யத் தனி முயற்சி எதுவும் மேற்கொள்ளப்படவில்லை என்பதை அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

தொழிற்கூடத்திலிருந்து வந்த செய்தி

1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில், படைக்கலச்சாலையைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் குடிக்க நீர் கேட்டார். சிப்பாய் தம் செம்பைத் தர மறுத்தார். பசு, பன்றிக் கொழுப்பிட்ட தோட்டாவைக் கடிக்கப்போகும் உமக்குச் சாதி எங்கே நிலைக்கும் எனத் தொழிலாளி வினவினார். இச்செய்தியைக் கேப்டன் ரைட் சனவரி 22இல் மேலிடத்திற்குத் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சி பல நூல்களில் சுவையான துணுக்காகவே எடுத்தாளப்படுகிறது. சொன்னவர் யார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. படைத்தலைவர்களும் சிப்பாய்களும் அறியாத ஒன்றை, தோட்டா உருவாகும் இடத்தைச் சேர்ந்த கடைநிலைத் தொழிலாளி அறிந்திருந்தார், அல்லது அறிந்தவராக நம்பப்பட்டார். செய்பொருள் பற்றிய அறிவு ஆணைத்தாளில் இல்லாதபோது, அது பணிக்கூடத்திலிருந்து வாய்மொழியாகவே வெளிப்பட்டது. செம்பைத் தர மறுத்த சாதி வழக்கத்திற்கு விடையாகவும் அது அமைந்தது.

சொந்த மசகு என்னும் தீர்வு

அரசு விரைந்தே செயற்பட்டது. தோட்டாக்களை மசகின்றி வழங்கவும், சிப்பாய்கள் தாம் விரும்பிய பொருளைக் கடைத்தெருவில் வாங்கித் தாமே பூசிக்கொள்ளவும் சனவரி 27இல் இசைவு தரப்பட்டது. மார்ச்சில் பல்லால் கடிப்பதற்கு மாற்றாகக் கையால் கிழிக்கும் முறை பயிற்சியில் புகுத்தப்பட்டது. தொழில்நுட்ப நோக்கில் இவை போதிய தீர்வுகளே. தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த பூச்சு அதற்கு முன்பே படையில் அறியப்பட்டதுதான்.

ஆயினும் ஐயம் தணியவில்லை. மசகிலிருந்து தாளுக்கு இடம்பெயர்ந்தது. பிப்ரவரியில் பாரக்பூரில் நடந்த விசாரணையில், தாள் வழக்கத்திற்கு மாறாகப் பளபளக்கிறது என்றும், எரித்தால் கொழுப்பு நாற்றம் வீசுகிறது என்றும் சிப்பாய்கள் கூறினர். அரசின் வேதியியல் ஆய்வாளர் தாளைச் சோதித்துக் கொழுப்பில்லை என அறிவித்தும் பயன் விளையவில்லை. ஏப்ரல் 24இல் மீரட்டில் மூன்றாம் குதிரைப்படையின் 90 வீரருள் 85 பேர் வாங்க மறுத்த தோட்டாக்கள் புதிய என்ஃபீல்டு தோட்டாக்கள் அல்ல. அவர்கள் முன்னரே பயன்படுத்திவந்த வகையினவே. அவ்வீரர்கள் மே 9இல் படையினர் முன்னிலையில் விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது.

தமிழகம் அறிந்த முன்நிகழ்ச்சி ஒன்றை இங்கு நினைவுகூரலாம். 1806 சூலை 10இல் வெடித்த வேலூர்க் கிளர்ச்சியின் பின்னணியிலும், புதிய தலைப்பாகையில் தோல் சேர்க்கப்பட்டமை ஒரு குறையாக நின்றது. உடலைத் தொடும் பொருளொன்றின் மூலப்பொருள் என்ன என்பதே இரு நிகழ்ச்சிகளிலும் எழுந்த வினா. அரை நூற்றாண்டிற்குப் பின்னும் அவ்வினாவைக் கேட்க நிருவாகம் பழகவில்லை.

அறிவியல் தந்த பிற்கால விடை

கொழுப்பு மிகுந்த மசகு தொழில்நுட்ப அளவிலும் இந்தியாவிற்குப் பொருந்தவில்லை. வெப்பத்தில் அது உருகித் தாளில் ஊறியது. மசகிழந்த குண்டை அந்நெருக்கமான குழலில் இறக்குவது கடினமாயிற்று. பின்னர்க் குண்டின் விட்டம் 0.550 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. மசகில் தேன்மெழுகு முதன்மை பெற்றது. அளவைத் தளர்த்தி மெழுகைக் கூட்டும் இவ்வழி முன்னரே மேற்கொள்ளப்பட்டிருப்பின், கொழுப்பு பற்றிய பேச்சுக்கு இத்துணை இடம் இருந்திராது.

நில உரிமை, அயோத்தி இணைப்பு, படைப்பணி விதிகள் ஆகிய ஆழ்ந்த காரணங்கள் அப்போதும் இருந்திருக்கும் என்பது உண்மையே. தோட்டா மட்டுமே கிளர்ச்சியை விளைவித்தது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அக்குறைகள் யாவும் ஒரு பொருளில் வந்து குவிந்தமைக்குரிய காரணத்தையே இது நாடுகிறது.

முடிவுரை

தமிழில் ‘மருந்து’ என்னும் சொல் நோய் தீர்ப்பதையும் வெடிப்பதையும் ஒருங்கே குறிக்கும். உடலுக்குள் செல்லும் மருந்தை யார் செய்தார், எதனால் செய்தார் என வினவுவதை எவரும் மூடநம்பிக்கை என்னார். 1857இன் சிப்பாய் கேட்டதும் அவ்வினாவே. தாமே குண்டு வார்த்து மசகிட்டவரிடம் இருந்த அறிவு தொழிற்சாலைக்கு மாறியபோது, பொருள் மட்டுமே சிப்பாயை வந்தடைந்தது. அதனைப் பற்றிய அறிவு வரவில்லை. மசகைச் செய்துகொள்ளும் உரிமை பின்னர்த் தரப்பட்டதெனினும், தாளும் குண்டும் மருந்தும் பிறர் கையிலேயே இருந்தன. ஆகவே ‘கொழுப்பு தடவிய தோட்டா’ எனக் கற்பிக்கும்போது, அக்கொழுப்பின் தேவையையும் அதனை உறுதிசெய்யாத நிருவாகத்தின் பொறுப்பையும் சேர்த்துக் கற்பித்தலே வரலாற்றுக்குப் பொருந்துவதாகும்.