பின்னிருக்கையில் அமர்ந்தவர் எந்த இடத்தவர்? மோட்டார் சைக்கிள் காப்பீட்டில் ஒரு சொல்லின் வரலாறு

இந்தியக் காப்பீட்டு வரலாற்றின் முதல் ஏடுகள் கல்கத்தாவில் எழுதப்பட்டவை. 1818இல் ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனமும், 1850இல் நாட்டின் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனமான டிரைட்டனும் அங்கேதான் தோன்றின. சுதேசி இயக்கம் ஓங்கியிருந்த 1906இல் கல்கத்தாவில் நேஷனல் இன்சூரன்ஸும் சென்னையில் யுனைடெட் இந்தியாவும் நிறுவப்பட்டன. ஆயினும், இவ்விரு நகரங்களிலும் இன்று மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் வைத்திருக்கும் பாலிசியின் மையச் சொல் இங்கே பிறந்ததன்று. ‘மூன்றாம் தரப்பு’ என்பதே அச்சொல்.

தமிழிலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என இடத்தை மூன்றாக வகுக்கிறது. பேசுபவரும் கேட்பவரும் அல்லாத அனைவரும் படர்க்கையில் அடங்குவர், எவரும் விடுபடுவதில்லை. காப்பீட்டு ஒப்பந்தத்திலும் இதே அமைப்பு உண்டு. காப்பீடு எடுத்தவர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு, ஏனையோர் மூன்றாம் தரப்பு. இக்கணக்கின்படி வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரும் மூன்றாம் தரப்பினரே. ஆனால் சட்டம் இலக்கணத்தைப் பின்பற்றவில்லை.

பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகனக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியபோது, கட்டணமின்றி உடன் பயணிப்பவரை அக்கட்டாயத்துக்குள் கொண்டுவரவில்லை. இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இவ்வழியிலேயே சென்றது. அதன் காப்பீட்டு அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சாலையில் நடந்து செல்பவருக்குக் காப்பு உண்டு. வண்டியில் இலவசமாக உடன் செல்பவருக்குக் கட்டாயக் காப்பு இல்லை. பிரிட்டன் 1971இல் தனிச் சட்டம் இயற்றிப் பயணிகளையும் சேர்த்துக்கொண்டது. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றமோ, 1939ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பயணிகளுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை என்றே பொருள்கொண்டது.

1988இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்த பின்னும் இச்சிக்கல் தீரவில்லை. ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் சென்றவர் உயிரிழந்த வழக்கொன்றில், சட்டம் கோரும் குறைந்தபட்சப் பாலிசி அவருக்குப் பொருந்தாது என 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் வெளியிட்ட சுற்றறிக்கை, ‘பேக்கேஜ்’ எனப்படும் முழுமைப் பாலிசி பின்னிருப்பவரையும் உள்ளடக்கும் எனத் தெளிவுபடுத்தியது. 2012இல் உச்ச நீதிமன்றமும் சட்டப் பாலிசியும் பேக்கேஜ் பாலிசியும் வெவ்வேறு என்பதை உறுதி செய்தது. ஆக, ஒரே வண்டியில், ஒரே விபத்தில், பின்னிருந்தவரின் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பாலிசியின் வகையைப் பொறுத்ததாகிறது.

கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. பாலிசியைப் புதுப்பிக்காமல் ஓடும் வண்டிகளைக் குறைக்க இது உதவும். ஆயினும் ஐந்தாண்டுக் காப்பு இருக்கிறது என்ற நிறைவில், முதலாண்டோடு முடிந்துவிடும் சொந்தச் சேதக் காப்பைப் பலர் கவனிக்காமல் விடவும் இதுவே இடமளிக்கிறது.

பாலிசியைத் தேர்ந்தெடுப்போர் பொதுவாக விலையையே ஒப்பிடுகின்றனர். மூன்றாம் தரப்புக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த பட்டியலில் 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். கொல்கத்தாவில் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் இத்தொகை மாறாது. 2007 முதல் கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட சொந்தச் சேதக் காப்பில்தான் விலைப் போட்டி நிகழ்கிறது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு ஓட்டுபவரான உரிமையாளருக்கு மட்டுமே உரியது. பின்னிருப்பவருக்கான விபத்துக் காப்பைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

எனவே பாலிசியை வாங்குமுன் அது வெறும் பொறுப்புக் காப்பா, பேக்கேஜா என்பதையும், பின்னிருப்பவரைப் பற்றி அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதையும் படித்தறிய வேண்டும். அந்த இருக்கையில் பெரும்பாலும் அமர்வது மனைவியோ, மகளோ, உடன் பயிலும் நண்பரோதான். இலக்கணம் விட்டுவிடாத அவர்களை ஒப்பந்தம் விட்டுவிடக்கூடும்.